பட்டறை மண் கழுவும் சுழற்சி நீரைத் தெளியவைக்கும் முறை

சவுகார்பேட்டையிலும் அதையொட்டிய தெருக்களிலும் இயங்கும் நகைப் பட்டறைகளின் தரைக்கூட்டல், அரத்தூள், பாலிஷ் தூசு, உடைந்த மூசை (தங்கம் உருக்கும் கிண்ணம்), கைகழுவும் தொட்டியின் அடிமண் ஆகியவற்றை எரித்து, அரைத்து, சலித்து, தண்ணீரில் கழுவித் தங்கத்தைப் பிரித்தெடுக்கும் சிறுதொழில் செய்வோருக்காக இதை எழுதுகிறேன். மரவை என்னும் மரத்தட்டில் கையால் அரிப்பவராக இருந்தாலும், குறுக்குச் சட்டம் பதித்த சரிவுப் பலகையிலோ அதிர்வு மேசையிலோ மோட்டார் வைத்துத் தண்ணீரைச் சுற்றவிடுபவராக இருந்தாலும், சந்திக்கும் சிக்கல் ஒன்றே. காலையில் தெளிவாக இருந்த தண்ணீர் மதியத்துக்குள் சாம்பலும் களியுமாகக் குழம்பிப்போகிறது. இரவெல்லாம் அசைக்காமல் விட்டுவைத்தாலும் மறுநாள் காலையில் பழுப்பு நிறம் மாறாமல் நிற்கிறது. லாரித் தண்ணீரை விலைகொடுத்து வாங்கும் வடசென்னையில் அதை அன்றாடம் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவது கட்டுப்படியாகாது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டுபோனதைப் பார்த்தவர்களுக்கு, ஒருமுறை நிரப்பிய நீரை நீண்ட நாள் உழைக்கவைக்க வேண்டியதன் அவசியத்தை விளக்கத் தேவையில்லை.

தண்ணீர்ச் செலவைவிடப் பெரிய இழப்பு தங்கத்தில்தான் நேர்கிறது. தூய தங்கம் தண்ணீரைவிட 19.3 மடங்கு அடர்த்தியானது. 22 காரட் தங்கம், அதில் சேர்ந்துள்ள செம்பு, வெள்ளியின் அளவைப் பொறுத்து, 17.5 முதல் 18 மடங்கு வரை இருக்கும். சாதாரண மணலோ 2.65 மடங்குதான். இந்த வித்தியாசத்தை நம்பித்தான் கழுவும் தொழிலே நடக்கிறது. நுண்களி மிகுந்த நீரில் கனமும் பாகுத்தன்மையும் ஒருசேர ஏறுவதால், கீழே இறங்க வேண்டிய துகள்களின் வேகம் குறைகிறது. கண்ணுக்குத் தெரியும் மணித்தங்கத்துக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை. அரத்தூளின் மெல்லிய சுருள்களும், பாலிஷ் போடும்போது பறந்து படிந்த தூளும்தான் கலங்கல் நீரோடு பலகையைத் தாண்டிப் போய்விடுகின்றன. ஆகவே தண்ணீரைத் தெளியவைப்பதைத் துப்புரவு வேலையாகக் கருதாமல், தங்கம் எடுக்கும் வேலையின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

சேறு ஏன் தானாக அடங்குவதில்லை

ஒரு துகள் நீரில் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. நம் ஊர் வெப்பநிலையில், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள மணல் துகள் நொடிக்கு 8 மில்லிமீட்டர் அளவில் இறங்கும். அதைவிடப் பத்து மடங்கு சிறிய, அதாவது 10 மைக்ரான் துகளுக்கு அரையடிக்கும் சற்றே கூடுதலான தொலைவைக் கடக்க அரை மணி நேரம் பிடிக்கும். 1 மைக்ரான் களித்துகள் ஒரு நாள் முழுவதும் இறங்கினாலும் 8 அல்லது 9 சென்டிமீட்டரைத் தாண்டாது. அதனினும் நுண்ணியவை நீரின் அசைவிலேயே மிதந்துகொண்டிருக்கும். அவற்றுக்கு எத்தனை நாள் கெடு கொடுத்தாலும் பயனில்லை.

நுண்மையோடு இன்னொரு காரணமும் சேர்கிறது. களித்துகள்கள் நீரில் எதிர்மின்னூட்டம் ஏற்று ஒன்றையொன்று விலக்குவதால், ஒட்டித் திரண்டு பெரிதாவதில்லை. அந்த விலக்கலை நாமே அறியாமல் வலுப்படுத்திவிடுகிறோம். சோப்புத்தூள், சலவைச் சோடா போன்றவை களியைப் பிரித்து மிதக்கவைப்பவை. மூசைக்கசடை அரைக்கும்போது அதில் ஒட்டியிருக்கும் வெண்காரம் (போராக்ஸ்) நீரில் கரைந்து, அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 9க்குப் பக்கத்தில் பிடித்துவைத்துக்கொள்கிறது. களியைத் திரட்டி அடங்கவைக்கப் போடும் படிகாரம் அந்த நிலையில் சரியாக வேலை செய்யாது. படிகாரத்தை அள்ளிப் போட்டும் தண்ணீர் தெளியவில்லை என்ற புகார் எழும் இடங்களில் பெரும்பாலும் வெண்காரமோ சோப்போ காரணமாக இருப்பதைக் காணலாம்.

இதற்கு மாறாக, கால்சியம் உப்புகள் மிகுந்த கடினநீரில் களி எளிதில் திரளும். கடல் நீர் உட்புகுந்த மீஞ்சூர்ப் பகுதியைப் போலவே, வடசென்னையின் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் உதவாத அந்த நீர் மண் கழுவுவதற்கு உண்மையில் நல்லது. ஆர்ஓ இயந்திரம் கழித்துத் தள்ளும் நீரும் அப்படியே. விலைகொடுத்து வாங்கிய நல்ல தண்ணீரை இந்த வேலைக்குச் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

சேற்றைத் தொட்டிக்கு வரவிடாமல் தடுத்தல்

தெளியவைக்கும் மருந்தைத் தேடுவதற்கு முன்பு, சுழலும் நீருக்குள் நுண்களி போகாமல் தடுப்பதே மலிவான வழி. முதலில், குப்பையை முழுமையாக எரிக்க வேண்டும். எண்ணெயும் மெழுகும் அரைகுறையாக எரிந்து கரியாக மிஞ்சினால், அந்தக் கரி நீரில் மிதப்பதோடு நுண்தங்கத்தையும் சுமந்துகொண்டு போகும். சாம்பல் உள்வரை வெளிர்நிறமாகும்வரை எரிப்பது அவசியம். பழைய நகைகளில் கேடிஎம் எனப்படும் காட்மியப் பற்றவைப்பு இருந்திருக்கலாம் என்பதால், எரிக்கும் இடத்தில் எழும் புகையில் காட்மியம் கலந்திருக்க வாய்ப்புண்டு. அது நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சு. ஆகவே குடியிருப்பின் நடுவே, மூடிய அறையில், எரிப்பு வேலையைச் செய்யவே கூடாது.

எரித்து அரைத்த தூளை நேராகப் பலகையில் கொட்டாமல், முன்கழுவல் ஒன்றைச் செய்ய வேண்டும். ஒரு பங்கு தூளுக்குப் பத்துப் பங்கு நீர் என்ற கணக்கில் உயரமான வாளியில் கரைத்து, நன்றாகக் கலக்கி, ஐந்து நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். உருண்டையான 10 மைக்ரான் தங்கத்துகள் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இறங்கும் என்பதால், மேலிருக்கும் 20 சென்டிமீட்டர் நீரைக் கடக்க அதற்கு மூன்றரை நிமிடத்துக்கும் குறைவான நேரமே தேவை. தகடாகவும் சுருளாகவும் இருக்கும் துகள்கள் மெதுவாக இறங்குவதால்தான் ஐந்து நிமிடம் என்கிறேன். அதன்பின் மேல் 20 சென்டிமீட்டர் கலங்கலை ரப்பர் குழாயால் உறிஞ்சித் தனித் தொட்டியில் விட வேண்டும். இதை இரண்டு மூன்று முறை செய்தால், சுழற்சித் தொட்டிக்குப் போக இருந்த களியில் பெரும்பகுதி முன்கூட்டியே விலகிவிடும். விலகிய களியைக் கொட்டிவிடக் கூடாது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

சோப்பு விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. எண்ணெய்ப்பசை படிந்த நுண்தங்கம் நீரின் மேற்பரப்பில் மிதக்கும் என்பதால் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் தேவைதான். அதைச் சுழற்சித் தொட்டியில் விட்டால் களியும் மிதக்கத் தொடங்கிவிடும். தூளை நனைக்கும் முதல் வாளியில் மட்டும் அந்தச் சொட்டை விட்டுப் பிசைந்து, அந்த நீரை முன்கழுவலோடு வெளியேற்றிவிட வேண்டும்.

தராசை வைத்துக் கலங்கலை அளத்தல்

நீர் எப்போது கெட்டுவிட்டது என்பதைக் கண்மதிப்பில் சொல்வது கடினம். தங்கத் தொழில் செய்பவரிடம் நுட்பமான தராசு எப்போதும் இருக்கும், அதையே பயன்படுத்தலாம். ஒரு லிட்டர் குறியிட்ட குடுவையில், வேலையைத் தொடங்குமுன் இருந்த தெளிந்த நீரைக் குறிவரை நிரப்பி எடைபோட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கலங்கிய நீரை அதே குறிவரை நிரப்பி எடைபோட வேண்டும். கூடும் ஒவ்வொரு 10 கிராமும் அந்த லிட்டர் நீரில் ஏறத்தாழ 16 கிராம் திடப்பொருள் மிதப்பதைக் காட்டும். மணலின் அடர்த்தி கொண்டு போட்ட கணக்கு இது. சாம்பல் மிகுந்திருந்தால் சற்று வேறுபடும், ஆயினும் அன்றாட வேலைக்குப் போதுமானது. உப்பு நீருக்கே கனம் உண்டு என்பதால்தான், முதல் எடையை அதே நீரின் தெளிந்த நிலையில் எடுக்கச் சொல்கிறேன். 10 கிராம் கூடியதுமே கழுவுவதை நிறுத்தித் தெளியவைத்துவிடுவது நல்லது.

தெளிவு எவ்வளவு இருந்தால் போதும் என்ற கேள்விக்கும் விடை வேண்டும். குடிநீரைப்போல் மின்ன வேண்டியதில்லை. ஒரு குச்சியின் முனையில் வெள்ளைப் பீங்கான் துண்டைக் கட்டி நீரில் இறக்கும்போது, ஒரு சாண் ஆழத்தில் அதன் விளிம்பு தெரிந்தால், கழுவும் வேலைக்கு அந்த நீர் தாராளமாகப் போதும்.

தொட்டியின் ஆழத்தைவிடப் பரப்பே முக்கியம்

இடமில்லாத பட்டறைகளில் 200 லிட்டர் நீல டிரம்களை வரிசையாக வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீரை வழியவிடுவது வழக்கம். பார்ப்பதற்கு ஒழுங்காக இருந்தாலும், எதிர்பார்க்கும் பயனை இது தருவதில்லை. ஓடும் நீரில் எந்தத் துகள் அடங்கும் என்பதைத் தீர்மானிப்பது, மணிக்கு எவ்வளவு நீர் எவ்வளவு பரப்பின் வழியாகப் போகிறது என்பதே. நிமிடத்துக்கு 17 லிட்டர், அதாவது மணிக்கு 1000 லிட்டர் சுழல்வதாகக் கொள்வோம். டிரம்மின் வாய்ப்பரப்பு கால் சதுர மீட்டரை ஒட்டியே இருப்பதால், அதில் நீர் மணிக்கு நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த வேகத்தில் மேலெழும். 30 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களே அதை எதிர்த்து அடங்கும். முதல் டிரம்மில் தப்பியது அடுத்ததிலும் பெரும்பாலும் தப்பும், ஏனெனில் அங்கும் அதே வேகம்தான். அதே நீரை 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் அரை மீட்டர் ஆழமும் உள்ள ஒரு தட்டைத் தொட்டியில் விட்டால், 12 மைக்ரான் வரை அடங்கிவிடும். செங்கல்லை அடுக்கித் தார்ப்பாய் விரித்தாலே அப்படி ஒரு தொட்டி கிடைக்கும். டிரம்களைத்தான் வைக்க முடியும் என்றால், நீரை மூன்றாகப் பிரித்து மூன்றிலும் ஒரே நேரத்தில் விடுவது நல்லது.

நுழையும் நீர் மேலிருந்து கொட்டக் கூடாது. அகலக் குழாய் ஒன்றைத் தொட்டியின் ஓரத்தில் நிறுத்தி, அதனுள் விழுந்த நீர் அடிப்பக்கமாக மெல்லப் பரவும்படி செய்ய வேண்டும். வெளியேறும் நீர், எதிர்ச்சுவரின் முழு அகலத்துக்கும் மட்டம் பார்த்து வைத்த விளிம்பின்மேல் மெல்லிய படலமாக வழிய வேண்டும். மோட்டாரைத் தொட்டியின் அடியில் வைப்பது பரவலான பழக்கம். அடங்கிய சேற்றை அதுவே கிளப்பிவிடும். உறிஞ்சுகுழாயின் வாயை மிதவையில் கட்டி, நீர்மட்டத்துக்கு அரையடிக்குக் கீழே தொங்கவிட வேண்டும்.

மொட்டைமாடியில் தொட்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். காலையில் தெளிந்திருந்த டிரம், பத்து மணிக்குமேல் யாரும் தொடாமலேயே கலங்கும். வெயில் படும் பக்கத்து நீர் சூடேறி மேலெழ, நிழல் பக்கத்து நீர் கீழிறங்க, டிரம்முக்குள் மெல்லிய சுழற்சி தொடங்கிவிடுகிறது. அருகில் குனிந்து பார்த்தால், வெயில் விழும் சுவரை ஒட்டிப் பழுப்பு இழைகள் அடியிலிருந்து ஏறிவருவது தெரியும். பிற்பகலில் கடற்காற்று மேற்பரப்பை அசைப்பது இன்னொரு தொல்லை. தென்னங்கீற்றோ தகரமோ போட்டு நிழலும் மறைப்பும் கொடுத்தால் இரண்டும் தீரும். கொசு முட்டையிடாதபடி வலை கட்டுவதும் கட்டாயம்.

எந்தத் தொட்டியும் 1 மைக்ரான் களியை அடக்காது என்பதை மேலே சொன்ன கணக்கே காட்டும். இடம் குறைந்த பட்டறைக்கு நான் பரிந்துரைப்பது இரண்டு தொட்டி முறையே. ஒரு 500 லிட்டர் தொட்டி நீரில் பகலில் கழுவும்போது, மற்றொன்று மருந்திட்டு அசைவின்றித் தெளிந்துகொண்டிருக்கும். ஓடும் நீரில் மருந்தைச் சொட்டவிட்டு அளவைச் சரிசெய்துகொண்டிருப்பதைவிட, நிற்கும் நீருக்கு ஒரே தடவையில் அளந்து போடுவது எளிது, பிழையும் குறைவு.

பாட்டில் சோதனையும் மருந்தளவும்

படிகாரம் எவ்வளவு போட வேண்டும் என்று யாராலும் பொதுவாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு பட்டறையின் மண்ணும் வேறு, தண்ணீரும் வேறு. சோதித்துத்தான் அறிய வேண்டும்.

100 கிராம் படிகாரத்தை நீரில் கரைத்து, மொத்தம் ஒரு லிட்டர் ஆக்கிக்கொள்ள வேண்டும்; இதில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் படிகாரம் இருக்கும். ஒரு லிட்டருக்குமேல் கொள்ளும், ஒரே அளவுள்ள பாட்டில்கள் ஆறின் கழுத்தை அறுத்துவிட்டு, ஒவ்வொன்றிலும் நன்கு கலக்கிய ஒரு லிட்டர் கலங்கல் நீரை ஊற்ற வேண்டும். முதல் பாட்டிலில் எதுவும் விடாமல், மற்ற ஐந்தில் மருந்துக்கடையில் வாங்கிய சிரிஞ்சால் அரை, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு மில்லி என விட வேண்டும். ஒரு நிமிடம் வேகமாகவும், அதன்பின் பதினைந்து நிமிடம் மிக மெதுவாகவும் கிளறிவிட்டு, அரை மணி நேரம் ஜன்னலோரம் வைத்துப் பார்க்க வேண்டும். சரியான அளவு விழுந்த பாட்டிலில், மெதுவாகக் கிளறும்போதே நீர் பால் திரிவதைப்போல் திரிந்து, திரட்சிகளுக்கிடையே தெளிந்த நீர் தெரியத் தொடங்கும். குறைவாக விழுந்ததில் மங்கல் அப்படியே நிற்கும். மிகுதியாக விழுந்ததிலும் மீண்டும் மங்கல் வரக்கூடும், ஏனெனில் அளவு மீறும்போது துகள்களின் மின்னூட்டம் திசைமாறி, அவை மறுபடியும் ஒன்றையொன்று விலக்கத் தொடங்குகின்றன. நன்றாகத் தெளிந்த பாட்டில்களில் எது மிகக் குறைந்த அளவோ, அதுவே எடுத்துக்கொள்ள வேண்டிய அளவு.

உதாரணமாக இரண்டு மில்லி பாட்டில் தெளிந்தால், லிட்டருக்கு 200 மில்லிகிராம். 500 லிட்டர் தொட்டிக்கு 100 கிராம் படிகாரம், அதாவது தயாரித்து வைத்த கரைசலில் ஒரு லிட்டர். கட்டியாகப் போடாமல் கரைசலாகவே ஊற்றி, பாட்டிலில் செய்ததைப்போலவே முதலில் வேகமாகவும் பிறகு துடுப்புக் கட்டையால் மெதுவாகவும் கிளற வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரணப் படிகாரத்துக்கும், பாரிமுனைப் பக்கத்து ரசாயனக் கடைகளில் பலகையாகக் கிடைக்கும் அலுமினியம் சல்பேட்டுக்கும் வலுவில் வேறுபாடு உண்டு. முன்னது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தேவைப்படும். எனவே எதை வைத்துச் சோதித்தோமோ அதையேதான் தொட்டியிலும் போட வேண்டும்.

பிஎச் தாளை நனைத்துப் பார்க்காமல் எந்த மருந்தையும் தொடக் கூடாது. 6க்கும் 7.5க்கும் இடையில் படிகாரம் நன்றாக வேலை செய்யும். படிகாரமே நீரின் காரத்தன்மையைத் தின்றுவிடும் என்பதால், மழைநீரிலும் ஆர்ஓ நல்ல நீரிலும் பிஎச் சரிந்து திரட்சி உருவாகாமல் போகலாம். அப்போது சிறிது சுண்ணாம்பு நீர் சேர்த்துச் சரிக்கட்ட வேண்டும். நம் பகுதிக் கிணற்று நீரில் இந்தச் சிக்கல் அரிதாகவே வரும். வெண்காரம் கரைந்து பிஎச் 9ஐ எட்டியிருந்தால், படிகாரத்தோடு மல்லுக்கட்டாமல் சுண்ணாம்புக்கு மாறிவிடலாம். லிட்டருக்கு 50 கிராம் நீர்த்த சுண்ணாம்பு கரைத்த பாலை, பாட்டிலுக்கு இரண்டு, நான்கு, ஆறு, எட்டு மில்லி என விட்டு, முன்போலவே சோதிக்க வேண்டும். சுண்ணாம்பிலுள்ள கால்சியம் களியைத் திரளவைக்கும். குறை என்னவென்றால், குழாயிலும் மோட்டாரிலும் காறை படியும், நீர் கைத்தோலை அரிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. பாலி அலுமினியம் குளோரைடு விலை சற்றுக் கூடுதல் என்றாலும், பிஎச் அளவை அதிகம் குறைக்காமல் பரந்த வரம்பில் வேலை செய்வதால், மண் நாளுக்கு நாள் மாறும் இடங்களுக்கு அது ஏற்றது.

திரட்சி உருவாகியும் சோம்பலாக இறங்கினால், அனயானிக் (எதிர்மின்னூட்டம் கொண்ட) வகைப் பாலிஅக்ரிலமைடு என்ற பாலிமர் உதவும். ஒரு கிராம் தூளை ஒரு லிட்டர் நீரில், கிளறிக்கொண்டே சிட்டிகை சிட்டிகையாகத் தூவி, ஒரு மணி நேரம் மெதுவாகக் கரைய விட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் வெளியே வழவழப்பும் உள்ளே உலர்ந்த தூளுமாகக் கட்டிபிடித்து வீணாகும். 500 லிட்டருக்கு இந்தக் கரைசல் அரை லிட்டர் போட்டால், லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆகும். பெரும்பாலும் அதுவே போதும். படிகாரத் திரட்சி தெரிந்த பிறகே இதை விட வேண்டும். விட்டபின் இரண்டு மூன்று நிமிடத்துக்குமேல் கிளறக் கூடாது, வேகமாக ஒருபோதும் கிளறக் கூடாது. உடைந்த திரட்சி மறுபடி பழையபடி ஒன்றுசேராது.

பாலிமரில் தாராளம் காட்டுவது பெருந்தவறு. நீரில் மிஞ்சிய பாலிமர் மோட்டார் வழியாகப் பலகைக்குத் திரும்பிவந்து, அங்கே புதிதாக விழும் தூளையும் திரட்டத் தொடங்கும். அந்தத் திரட்சிக்குள் சிக்கிய நுண்தங்கம் தன் கனத்தை இழந்ததைப்போல் களியோடு சேர்ந்து உருண்டு போய்விடும். தெளிந்த நீரை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்க்கும்போது வழுக்கினால், அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். அந்த நீரைப் பலகைக்கு விடாமல் முன்கழுவல் வாளிக்கும் தொட்டி அலசவும் பயன்படுத்தித் தீர்க்க வேண்டும்.

தேற்றாங்கொட்டையையும் முருங்கை விதையையும் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைக்கும் வழக்கம் சங்க காலத்திலேயே தமிழர் அறிந்தது. முருங்கை விதையில் உள்ள புரதமும் களியைத் திரட்டவல்லதே. ஒருமுறை தெளியவைத்துக் குடிக்கும் நீருக்கு இரண்டும் அருமையானவை. திரும்பத் திரும்பச் சுழலும் நீருக்கு நான் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் விதையிலிருந்து கரையும் சத்து நம் வெக்கையில் ஓரிரு நாளில் அழுகி, நாற்றமும் நுரையும் கிளப்பும். நுரை வந்தால் நுண்தங்கம் மிதக்கும்.

எதைக் கலக்கவே கூடாது

பட்டறையில் நகைக்கு மெருகேற்றச் சயனைடு கரைசல் பயன்படுத்தியிருந்தால், அந்த நீரையோ அது பட்ட மண்ணையோ இந்தத் தொட்டிக்கு அருகில்கூடக் கொண்டுவரக் கூடாது. படிகாரம் நீரை அமிலப் பக்கம் தள்ளும். அமிலமும் சயனைடும் சந்தித்தால் எழும் ஐதரசன் சயனைடு வாயு, மூடிய அறையில் இருப்பவரைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். மண் வாங்கும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது உயிர் காக்கும் கேள்வி. இராச திராவகம் (தங்கத்தைக் கரைக்கும் அமிலக்கலவை) போட்டுச் சுத்திகரித்த கழிவுநீரையும் இதில் சேர்க்கக் கூடாது. அதில் கரைந்துள்ள உலோகங்களை வேறு முறையில், தனியே பிரிக்க வேண்டும். பாதரசத்தைப் பற்றி ஒரு வரியே போதும். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்று உறுதிசெய்தது. அந்தச் சட்டப்பொறுப்புக்கு அப்பாலும், சுழலும் நீரில் பாதரசம் கலந்துவிட்டால் அந்தத் தொட்டியும் சேறும் குழாயும் எல்லாமே நஞ்சுதான்.

அடிச்சேற்றைக் கையாளுதல்

தெளிந்த நீரை எடுக்கும்போது, தொட்டிச் சுவரில் மூன்று உயரங்களில் வைத்த குழாய்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். அடியில் மிஞ்சும் சேற்றைக் காடாத்துணிப் பையில் வடித்து, நிழலில் உலர்த்த வேண்டும். படிகாரம் திரட்டியது களியை மட்டும் அன்று. பலகையில் தப்பிய மிக நுண்ணிய தங்கமும் அந்தத் திரட்சியில் சிக்கித்தான் கீழே வந்திருக்கும். உலர்ந்த சேற்றைப் பொடித்து, கூம்பாகக் குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்குகளை மட்டும் எடுத்து மறுபடி குவித்துப் பிரிக்க வேண்டும். இப்படிக் கைப்பிடி அளவுக்குக் குறைத்த மாதிரியை உருக்கிச் சோதிக்கும் இடத்தில் கொடுத்தால், கிலோவுக்கு எவ்வளவு தங்கம் நிற்கிறது என்பது தெரியும். அந்த எண்ணிக்கை பெரிதாக இருந்தால், மேசையின் சரிவிலோ நீரின் அளவிலோ பிழை இருக்கிறது. மருந்தை மாற்றுவதற்கு முன் அதைச் சரிசெய்ய வேண்டும். முன்கழுவலில் பிரித்த களியையும் இதேபோல் தனியாகச் சோதிக்க வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால் எங்கே தங்கம் நழுவுகிறது என்பது தெரியாமல் போய்விடும்.

ஒரே நீரைச் சுழற்றச் சுழற்ற அதில் சல்பேட்டும் வெண்காரமும் உப்பும் சேர்ந்துகொண்டே போகும். வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கை வெளியேற்றிப் புதிய நீரால் ஈடுசெய்தால், மருந்தளவு நிலையாக நிற்கும். வெளியேற்றும் நீர் எங்கே போகிறது என்பதில் கவனம் வேண்டும். பொதுக் கழிவுநீர்க் குழாயில் விடும் நீருக்கு பிஎச் 5.5க்கும் 9க்கும் இடையிலும், மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது விதி. உலோகங்களுக்கும் தனி வரம்புகள் உண்டு. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இன்றி எதையும் வெளியே விடக் கூடாது. தெருவோர மழைநீர் வடிகாலில் ஊற்றுவது எளிதாகத் தோன்றலாம். அந்த வடிகால்கள் ஓட்டேரி நல்லா என்ற ஓடையிலும் பக்கிங்காம் கால்வாயிலும் கலந்து, எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் எண்ணூர் முகத்துவாரத்தை நோக்கிப் போகின்றன. ஏற்கெனவே தாங்க முடியாத சுமையைச் சுமக்கும் அந்த நீரில் மீன்பிடித்து வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. நம் தொட்டியின் செம்பும் காட்மியமும் அவர்கள் வலைக்குப் போகக் கூடாது.

தங்கம் எடுத்து முடித்த சேற்றுக்கும் இதுவே பொருந்தும். வாங்கிக்கொள்ளும் சுத்திகரிப்பு ஆலை இருந்தால் அங்கே அனுப்பலாம். இல்லையென்றால், தேதியும் எடையும் எழுதிய தடித்த பைகளில் கட்டி, மழை படாத இடத்தில் சேர்த்துவைத்து, ஒரு வண்டி அளவு சேர்ந்ததும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள அபாயக் கழிவுப் பராமரிப்பு நிலையத்துக்கு, பக்கத்துப் பட்டறைகளோடு சேர்ந்து, வாரியத்தின் மூலம் ஏற்பாடு செய்து அனுப்ப வேண்டும்.